உங்கள் கைபேசி எண்

அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. பெயர், பிறந்த தேதி, போன் நம்பர் மூன்றையும் கண்டவர்களிடம் சொல்லாதீர்கள் என்று அந்த அம்மாளுக்கு வருஷக்கணக்காக ஓதியவள் நான். அவர் காதில் போட்டுக்கொண்டால்தானே! நானாவது அதைக் கடைப்பிடித்துவிட்டுப் போகிறேன். பெரியக்கா என்றே வைத்துக்கொள்வோம். அவர் இருந்த தோட்டத்து ஏழு வீடுகளிலும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அப்போது பாலக்காட்டு எல்லையில் எருத்தேன்பதிப் பக்கம், வாய்க்கால் பாலத்தை ஒட்டி எனக்கு ஒரு கடை இருந்தது. ஜெராக்ஸ், போட்டோ, ஆன்லைன் அபேக்ஷை. விண்ணப்பம் என்று சொன்னால் எங்கள் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்; அபேக்ஷை என்றால்தான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். பேசுவது கோயமுத்தூர்த் தமிழ், சர்க்கார் காரியம் மலையாளம். இது இரண்டும் போதாதென்று எல்லாவற்றுக்கும் இனிமேல் கம்ப்யூட்டரில்தான் வர வேண்டும் என்று ஆனபோது, ஊருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் என்னைப் போல ஒருத்தி உட்கார வேண்டியதாயிற்று. எனக்கோ கோபம் மூக்கு நுனியில். அந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்று என் வீட்டுக்காரரே சொல்லுவார்.

பெரியக்கா முதலில் வந்தது தன் ரேஷன் கார்டுக்கு நம்பர் சேர்க்க. ஒரு பிடி உடம்பு, அதற்குள் இரண்டு ஆளுக்கான குரல். சுருக்குப் பையில் இருந்து போனை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இது யாரு நம்பருங்க்கா?”

“நம்முளுதுதான் அம்மிணி.”

சேர்த்துவிட்டேன். அடுத்த வாரம் அவருடைய கொழுந்தன் மனைவி வந்தார். அதே நம்பர். பிறகு அடுத்த வீட்டுக்காரி. அதே நம்பர். ‘இந்த எண் ஏற்கெனவே உள்ளது. இது உங்கள் கைபேசி எண்தானா?’ என்று திரையில் கேள்வி வந்தது. கேட்டால் அவளும் கூசாமல் “நம்முளுதுதானுங்க” என்கிறாள். நாலாவது ஆளும் அதையே சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை. பெரியக்காவை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன்.

“ஏனுங்க்கா, ஊருக்கே ஒரு போனைக் கட்டி விட்டா எப்படி? உங்க நம்பர்னா உங்க ஒருத்தர் நம்பர்.”

“அப்படி எங்கே போட்டிருக்குது? படி பாக்கலாம்.”

படித்தேன். “உங்கள் கைபேசி எண்.”

“பாத்தயா! உன்ற நம்பரான்னா கேட்டிருக்கான்? உங்களுதான்னுதான கேக்கறான்? எங்களுதுதான்.”

“அது மரியாதைக்குப் போட்ட உங்களுங்க்கா!”

“மரியாதைன்னா எல்லாத்துக்குந்தான மரியாதை? எனக்கு மட்டும் குடுத்துட்டு அவளுக்குக் குடுக்க மாட்டானாமா?”

இங்கிலீஷில் யாரோ எழுதியதை இன்னொருவர் தமிழில் மாற்றியிருக்கிறார். ஒவ்வொரு ஆளும் தனித்தனியாக ஒரு போனோடு பிறந்து வளர்ந்திருப்பார் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். தமிழில் ஒருத்தரை மரியாதையாகக் கேட்டாலும் ஒரு கூட்டத்தையே கேட்டாலும் வார்த்தை ஒன்றுதான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நம்பரை மாற்றாமலே அவரை அனுப்பிவைத்தேன்.

போன் பெரியக்கா வீட்டில் இருந்ததற்குக் காரணம் உண்டு. தென்னந்தோப்புக்கு நடுவில் வரிசையாக ஏழு சாளை வீடுகள். சிக்னல் என்ற ஒன்று அவர் வீட்டுக் கிழக்குச் சுவரில், ஓர் ஆணியைச் சுற்றி மட்டும்தான் வரும். அதுவும் எந்த மாநிலத்து டவர் என்று நிச்சயம் கிடையாது. ஆணியை விட்டு அசையாமலே அந்தப் போன் தினமும் தமிழ்நாட்டுக்குப் போய்த் திரும்பும். போகும்போதும் வரும்போதும் வரவேற்பு மெசேஜ் வரும். “நம்மளைக் காட்டிலும் இது ஊரு சுத்துது பாரு,” என்பார். தவிரவும் அந்தத் தலைமுறையில் மலையாளம் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான்.

ஓடிபி வருகிற முறையைச் சொன்னால் சிரிப்பீர்கள். அந்த வீடுகளில் இருந்து யாராவது என் கடைக்கு வந்து உட்காருவார்கள். நான் பட்டனைத் தட்டுவேன். அங்கே ஆணியில் போன் சிணுங்கும். மெசேஜில் நம்பர் இருக்குமே ஒழிய யாருக்கு என்று இருக்காது. ஒரு போனுக்கு ஓர் ஆள் என்று நினைத்துச் செய்ததில் பெயர் எதற்கு? பெரியக்கா வாசலில் வந்து நின்று, “ஆருக்குடீ ஓடிபீ?” என்று ஒரு சத்தம் போடுவார். கடலைக் காட்டில் இருந்து யாராவது, “எங்கூட்டுக்காரரு கடைக்குப் போயிருக்கறாருங்க்கா,” என்று பதில் கொடுப்பார்கள். உடனே எனக்குப் போன் போட்டு நம்பரை வாசிப்பார். போன் எதற்கு, வாசலில் நின்று கத்தினாலே எனக்குக் கேட்டுவிடும் என்று கேலி செய்வேன். ஸ்பீக்கரையும் அவர் அணைக்கவே மாட்டார். ஒருத்தருக்கு வந்ததைப் பிறகு எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டாம் அல்லவா?

தனி ஆள் என்ற கணக்கே அவருக்குப் பிடிபடாது. எனக்கு முன்னால் வேறு எங்கோ அவருக்கு ஓர் ஆன்லைன் கணக்கு ஆரம்பித்திருந்தார்கள். அதைத் திறந்து பார்த்துவிட்டு நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். முதல் பெயர், இடைப்பெயர், கடைசிப் பெயர் என்று கேட்டிருக்கிறது. அவர் மூத்த மகள் பெயர், நடுப்பிள்ளை பெயர், கடைக்குட்டி பெயர் என்று மூன்றையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். தட்டியவரும் தட்டிவிட்டார்.

“உங்க பேரு எங்கீங்க்கா இதுல?”

“என்ற பேரை ஆரு கேட்டாங்க? கெடக்குது போ, படிக்க நல்லாத்தான் இருக்குது.”

அதைத் திருத்துவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவர் அந்தப் பழைய பெயரோடு இருந்த பிரிண்டை மடித்து எடுத்துக்கொண்டு போய் மகளிடம் காட்டினாராம்.

கடவுச்சொல் மறந்து போனால் ஒரு ரகசியக் கேள்வி வரும். உங்கள் முதல் செல்லப்பிராணியின் பெயர் என்ன? பெரியக்காவிடம் பத்துப் பதினைந்து ஆடுகள் இருந்தன. “ஆட்டுக்கு எதுக்கு அம்மிணி பேரு? பேரு வெச்சுட்டா அப்பறம் அறுக்க மனசு வருமா?” என்று கேட்டார். ஆடு என்றே போட்டேன். ஏழு வீட்டுக்கும் ரகசியப் பதில் ஆடுதான். அது ஏழு வீட்டுக்கும் தெரியும்.

ஒருமுறை ஒருத்தன் பேங்கில் இருந்து பேசுகிறேன் என்று போன் போட்டு ஓடிபி கேட்டிருக்கிறான். பெரியக்கா வழக்கம்போல, “சித்த இருங்க, ஆருக்குன்னு கேட்டுச் சொல்றேன்,” என்று வாசலில் போய்க் கூவியிருக்கிறார். ஏழு வீட்டுப் பெண்களும் வந்து ஆணியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். தம்பிக்கு எந்த ஊரு, பேங்கு எந்தப் பக்கம், சாப்பிட்டாச்சா, குரலைக் கேட்டால் கல்யாணமாகாத பையன் மாதிரி இருக்கிறதே என்று ஆளுக்கொன்றாகக் கேட்டிருக்கிறார்கள். அவன் தப்பித்தால் போதும் என்று வைத்துவிட்டான். இதை என்னிடம் சொல்லி, “பாவம், வெக்கப்பட்டுட்டான்,” என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதற்குப் பிறகு ஓடிபியைச் சொல்லாதீர்கள் என்று அவருக்குப் புத்தி சொல்ல எனக்கு வாயே வரவில்லை.

ஆனால் எல்லாம் சிரிக்கிற கதை இல்லை. கொழுந்தன் மனைவியின் வீட்டுக்குச் செல்வி என்ற பெண் மருமகளாக வந்தாள். பொள்ளாச்சிப் பக்கம் பிறந்த ஊர், பன்னிரண்டாவது முடித்தவள், கண்ணைப் பார்த்துப் பேசுவாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் இருந்து ஸ்கேன் தேதி மெசேஜாக வந்தது. பெரியக்கா வாசலில் நின்று சந்தோஷமாகக் கூவினார். செல்வி தன் அம்மாவிடம் சொல்வதற்குள் ஏழு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. பிறகு அந்தக் கரு தங்காமல் போனபோது அத்தனை பேரும் வந்து துக்கம் விசாரித்தார்கள். “அழறதுக்குக்கூடத் தனியா ஒரு எடம் இல்லைங்க்கா,” என்று செல்வி என்னிடம் சொன்னாள். எனக்குப் பெரியக்காமேல் அன்று கோபம் வந்தது. உலகத்தில் எல்லாமே நம்முளுது என்றால் ஒருத்தி தன் துக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

அதற்கப்புறம் செல்வியின் புருஷன் குடிக்க ஆரம்பித்தான், கை நீட்ட ஆரம்பித்தான். கோயமுத்தூரில் ஒரு நர்சிங் உதவியாளர் பயிற்சி, தங்கிப் படிக்க இடமும் உண்டு என்று அவள் எங்கேயோ கேள்விப்பட்டு வீட்டில் பேச்சை எடுத்தாள். அன்றைக்கே அவளுடைய சர்டிபிகேட்டை எல்லாம் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டான். சத்தம் ஏழு வீட்டுக்கும் கேட்டது.

அவன் அறியாதது ஒன்று இருந்தது. அந்த சர்டிபிகேட்டுகளின் நகலை நான் முன்பே அவள் பெயரில் ஓர் ஆன்லைன் கணக்கில் ஏற்றி வைத்திருந்தேன். ஒரு மத்தியானம் ரேஷன் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் செல்வி என்னிடம் ஓடி வந்தாள். நெற்றியில் காயம் ஆறவில்லை.

“இன்னிக்குப் பொழுதோட பயிற்சிக்கு அபேக்ஷை முடியுதுங்க்கா. எப்படியாச்சும் எடுத்துக் குடுங்க.”

கணக்கைத் திறக்கப் போனேன். ஓடிபி அனுப்பவா என்று கேட்டது. எந்த நம்பருக்கு? அந்த ஆணியில் தொங்குகிற நம்பருக்குத்தான்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அங்கே இப்போது கடலை உரிக்கிற நேரம். பெரியக்கா வாசலில்தான் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள், அவள் மாமியாரும் புருஷனும் உட்பட. மெசேஜ் வந்ததும் பெரியக்கா கூவுவார். செல்வி மட்டும் அங்கே இல்லாததால் அது அவளுக்குத்தான் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் அவன் நேரே என் கடைக்குத்தான் வருவான். முன்கூட்டிப் போன் போட்டுச் சொல்லலாம் என்றால் ஸ்பீக்கர்! கைபேசி இல்லாமல் திறக்க வேறு வழியும் உண்டு என்று திரை சொன்னது. அதற்கு நாள் கணக்காகும்.

“தட்டுங்க்கா. ஆறது ஆகட்டும்,” என்றாள் செல்வி.

தட்டினேன். என் போன் அடிக்கவில்லை. கொடுத்த அவகாசம் தீர்ந்து ஓடிபி காலாவதியானது. சரி, அங்கே ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தேன். செல்வி நாற்காலியில் இருந்து எழுந்து கடையின் மூலைக்குப் போய் நின்றுகொண்டாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது வாய்க்கால் கரையில் பெரியக்கா வருவது தெரிந்தது. தனியாக, ஓட்டமும் நடையுமாக, கையில் போனோடு.

அந்தப் போன் ஆணியை விட்டு வந்ததை நான் எத்தனையோ நாளாகப் பார்த்ததில்லை.

நடந்ததை அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். போன் சிணுங்கியதும் எடுத்திருக்கிறார். ஆருக்குடீ என்று வாயைத் திறந்திருக்கிறார். திறந்தவர் சுற்றிப் பார்த்தார். ஏழு வீட்டிலும் செல்வி ஒருத்தியைத் தவிர எல்லோரும் முறத்தோடு அங்கேதான் இருந்தார்கள். ‘ஆரு’ என்பதோடு நிறுத்திக்கொண்டார். என்ன மெசேஜ் என்று கொழுந்தன் மனைவி கேட்டதற்கு, “கம்பெனிக்காரன் பாட்டு வெக்கச் சொல்றான்,” என்றிருக்கிறார். எனக்குத் தெரிந்து அவர் வாயில் வந்த முதல் பொய் அதுதான்.

போனை ஆணியில் இருந்து கழற்றிக்கொண்டு கிளம்பியபோது செல்வியின் புருஷன் வழி மறித்திருக்கிறான்.

“பெரிம்மா, போனைத் தூக்கீட்டு எங்கெ போறீங்க? அது எல்லாத்துக்கும் பொதுவுதான?”

“எம்பட போனு. எங்கெ வேணாலும் கொண்டு போவேன், உனக்கென்னடா?”

எம்பட. என்னுடையது. இதைச் சொல்லும்போது அவர் தலையைக் குனிந்துகொண்டார், யாரையோ திட்டிவிட்டு வந்தவர் மாதிரி. “மனசாரச் சொல்லலை அம்மிணி,” என்றார்.

மறுபடி ஓடிபி அனுப்பினேன். போன் அவர் கையிலேயே சிணுங்கியது. பழக்க தோஷம், படிக்க வாயைத் திறந்தார். சட்டென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போனைச் செல்வியிடம் நீட்டினார்.

“நீயே பாத்துக்க சாமி. எனக்குச் சொல்லாதே. ஆருக்கும் சொல்லாதே.”

செல்வி நம்பரைப் பார்த்து என் கம்ப்யூட்டரில் தானே தட்டினாள். சர்டிபிகேட் ஒவ்வொன்றாக இறங்கியது. அபேக்ஷை போய்ச் சேர்ந்துவிட்டது என்று வந்ததும் பெரியக்கா கேட்டார், “இவ கணக்குல இருந்து இந்த நம்பரை எடுத்தர முடியுமா? இவளுக்குன்னு தனியா ஒண்ணு போட்டுரு. இனி இவளுக்கு வர்றது இவளுக்கு மட்டும் வரட்டும்.” என்னிடம் புதிதாக ஒரு சிம் இருந்தது. அந்த நம்பரை அவள் கணக்கில் போட்டு, சிம்மை அவளிடம் கொடுத்தேன். செல்வி அவர் காலைத் தொடக் குனிந்தாள். அவர் தள்ளிவிட்டு, ஆட்டைக் கட்டாமல் வந்துவிட்டேன் என்று கிளம்பிவிட்டார்.

இடம் கிடைத்தது. செல்வி பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிப் போனவள், அங்கிருந்து கோயமுத்தூர் போய்விட்டாள். விஷயம் வெளியில் வர எத்தனை நாளாகும்? மற்ற ஆறு வீடும் பெரியக்காவோடு பேச்சை நிறுத்தியது. குடும்பத்தைப் பிரித்தவள் என்று சொன்னவர்கள் சிலர். அதைவிட அதிகம் பேருக்கு உறுத்தியது அந்த எம்படதான். “இத்தனை வருசம் நம்முளுதுன்னு சொல்லி நம்ப வெச்சுட்டு, கடைசீல எம்படங்கறாளே!” என்று என் கடையில் உட்கார்ந்து ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஏ பொம்பளே, அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் ஒரு பெண் செத்திருப்பாளே என்று கத்திவிட்டேன். அவள் அடுத்த நாள் புது நம்பரோடு வந்தாள்.

பிறகு வரிசையாக வந்தார்கள். திருப்பூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த போன்கள். கிழக்குச் சுவர்வரை போக மாட்டோம், மரத்தில் ஏறியாவது சிக்னல் பிடித்துக்கொள்கிறோம் என்றார்கள். ஆனால் பழைய நம்பரை எடுக்க வேண்டும் என்றால் அந்தப் பழைய நம்பருக்கே ஓடிபி போகும். போகிறவர்கள் ஒவ்வொருவரும் அவரிடமே உத்தரவு கேட்க வேண்டும். இந்தக் கொடுமையை யார் யோசித்து வைத்தார்களோ! பேச மாட்டோம் என்று அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள, நான் போன் போடுவேன். பெரியக்கா காரணம் கேட்காமல் நம்பரை வாசிப்பார். அந்தக் குரல் நாளுக்கு நாள் தணிந்து வருவது எனக்குத் தெரிந்தது.

கடைசியாக வந்தது கொழுந்தன் மனைவி, செல்வியின் மாமியார். மகன் வாங்கிக் கொடுத்த புதுப் போனைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“நீங்களே கேளுங்க,” என்றேன்.

“நா அவகூடப் பேச மாட்டேன். நீயே கேளு.”

போட்டேன். ஸ்பீக்கரில்தான் போட்டேன்.

“ஆருக்கு அம்மிணி?”

“உங்க கொழுந்தன் சம்சாரத்துக்குங்க்கா.”

ஓர் ஆட்டை அதட்டிவிட்டுப் பேச்சுக்கு வந்தார்.

“அவளும் மாத்தறாளா? சரி, எழுதிக்க.” ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி வாசித்தார். “எழுதீட்டயா? அவகிட்ட ஒண்ணு சொல்லிரு. சக்கரைக்கு ஆஸ்பத்திரி மெசேஜு மாசாமாசம் மலையாளத்துல வரும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆராச்சும் படிச்சுச் சொல்லோணும். இல்லீன்னா தேதி தெரியாம வெறுமனே ஊட்லயே இருந்துக்குவா.”

நான் எண்களைத் தட்டிவிட்டேன். கடைசிப் பட்டன்மேல் என் விரல் இருந்தது.

“அம்மிணி, அதை அமுத்தாதே,” என்றார் மாமியார்.

“ஏனுங்க?”

“மருமவளும் போயிட்டா. மவன் வெடிஞ்சாப் போயர்றான். எனக்கு ஆரு படிச்சுச் சொல்லுவா? நம்பரு அங்கயே கெடக்கட்டும்.” பிறகு என்னைப் பார்த்து, போனுக்குக் கேட்கிற மாதிரியே உரக்கச் சொன்னார். “ஆனா நா அவகூடப் பேச மாட்டேன்னு சொல்லிரு.”

“பேசாட்டிப் போறா,” என்றது ஸ்பீக்கர், பழைய குரலில். “வெள்ளிக்கெழமை ஆஸ்பத்திரி. வெறும் வயித்துல வரச் சொல்லீருக்குதுன்னு சொல்லு.”

மாமியார் பெட்டியை மூடிக்கொண்டார். பிறகு என் முழங்கையைத் தட்டினார்.

“காப்பித்தண்ணியாச்சும் குடிக்கலாமான்னு கேளு.”